பொட்டு வைத்த இடமெல்லாம் பெட்டி

எங்கள் குடும்பத்தில் எந்தச் சுவரைப் பூசுவதாக இருந்தாலும் முதலில் மதினி வந்து பார்க்க வேண்டும். மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. கரண்ட் ஆபீசில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்று, புளியங்குடியில் இருக்கிறார். சுவருக்குள் போகும் பைப்பும் பெட்டியும் சரி என்று அவர் சொன்னால்தான் மேலே சாந்து ஏறும். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். அங்கே மேலதிகாரிக்குப் பயந்தாரோ என்னவோ, அக்காவுக்குப் பயப்படுவார்.

போன வருஷம் வீட்டுக்குப் பின்னால் எனக்கென்று ஒரு தையல் அறை கட்டினோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் ஹாலில்தான் தைத்தேன். யாராவது குறுக்கே நடந்தால் வெளிச்சம் போகும். வெட்டிவைத்த ஜாக்கெட் துணிமேல் காபி டம்ளர் உட்கார்ந்திருக்கும். அந்தத் தீபாவளித் துணிகளையாவது என் அறையில் வைத்துத் தைக்க வேண்டும், எனக்கு அது ஒன்றுதான் ஆசை. கொத்தனார் கையை விரித்துவிட்டார். "சனிக்கிழமை பூச விட்டாத்தான் உண்டுக்கா. பெறவு கடையத்துல ஒரு வேலை. தீபாவளி கழிச்சுத்தான் இங்கன வர முடியும்." மதினி வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு.

வயர்மேன் என்னிடம், "சுவிட்ச் பெட்டி வர்ற இடத்துல எல்லாம் காவிக்கட்டியால ஒரு பொட்டு வச்சிருங்கக்கா" என்று சொல்லியிருந்தார். ஃபேன், டியூப்லைட், மிஷின், அயர்ன் பெட்டி என்று யோசித்து யோசித்து வைத்தேன். இடையில் ஆயுத பூஜை வந்தது. என் வீட்டுக்காரர் தையல் மிஷினுக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வைத்ததோடு நிற்கிற ஆளா? புது அறையின் நாலு சுவரிலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், அணிவகுப்பு நடத்திவிட்டார்.

மறுநாள் மலையில் நல்ல மழை. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்டால் எங்கள் பக்கத்து வேலைக்காரர்கள் துண்டைத்தான் தேடுவார்கள். வயர்மேனும் ஐந்தருவிக்குப் போய்விட்டார். போகிற வழியில், சுவர் கொத்துகிற ஆளுக்கு போன் போட்டு, "செவப்பா பொட்டு இருக்க இடத்துல எல்லாம் கொத்திப் பெட்டியைப் பதிச்சிருலே" என்று சொல்லியிருக்கிறார். அந்த மனுஷர் சொன்ன சொல் தட்டாதவர். நான் தென்காசி பஜாரில் நூல் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால், நாலு சுவரிலும் வரிசையாகப் பெட்டிகள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "சாமிக்கு வச்ச பொட்டுக்கெல்லாம் பெட்டி வச்சிருக்கு, பாருங்க" என்றேன்.

"கரண்டுப் பொட்டுக்குச் சந்தனம் எதுக்குன்னு அவன் யோசிக்க வேண்டாமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

வியாழக்கிழமை வயர்மேன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். அன்று முழுக்க மூன்று பேரும் வேலை பார்த்தோம். வேண்டாத பெட்டிகளைப் பெயர்த்து, குழியில் செங்கல் துண்டு வைத்து அடைத்தோம். வேண்டிய பைப்புகளில் கம்பியை விட்டு இழுத்துப் பார்த்து, சாந்து உள்ளே போகாமல் வாயில் காகிதம் திணித்தோம். கடைசியில் ஜன்னலை ஒட்டிய ஒரு பெட்டி மிஞ்சியது. சிமெண்டும் தீர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஒரு ஆணியை அடித்து அதன்மேல் காலண்டரைத் தொங்கவிட்டார்.

மதினி ஒரு பை எலுமிச்சம்பழத்தோடும் டார்ச்லைட்டோடும் பஸ்ஸில் வந்து இறங்கினார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒவ்வொரு பைப்பிலும் கம்பியை விட்டு இழுத்தார். மிஷினுக்கு எர்த் போகிறதா என்று கேட்டார். நான் காலண்டர் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

"பூசாத செவத்துல காலண்டர் எதுக்குலே?"

"நல்ல நேரம் பாக்கத்தான்க்கா" என்றார் தம்பி.

மதினி காலண்டரைத் தூக்கினார். "இதுக்குப் பைப்பே வரல. என்ன பெட்டி இது?"

இனி மறைத்து என்ன? பொட்டுக் கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். மதினி சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வயர்மேன் மட்டும் சிரிக்கப் பயந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. தீபாவளி போயிற்று என்று நினைத்தேன்.

"மிஷின் இங்கனதான வரும்?"

"ஆமா மதினி."

"டியூப்லைட்டு முதுகுக்குப் பின்னால வருது. ஒன் நிழல்தான் துணியில விழும். மிஷினுக்கு யோசிச்சிருக்க, அயர்ன் பெட்டிக்கு யோசிச்சிருக்க. ஒன் கண்ணுக்கு என்ன வச்சிருக்க?"

இத்தனை வருஷமும் மற்றவர்கள் போட்ட வெளிச்சத்தில்தான் நான் தைத்திருக்கிறேன். எனக்கென்று ஒரு விளக்கு கேட்கலாம் என்பதே தோன்றவில்லை.

மதினி வயர்மேனைப் பார்த்து, "இந்தப் பெட்டி இருக்கட்டும். இதுக்கு ஒரு பைப்பை இழுத்து விடுங்க" என்றார். அப்புறம் தம்பியிடம், "மத்ததெல்லாம் சரியா இருக்கு. நாளைக்குப் பூசச் சொல்லுலே" என்றார். நான் சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

சனிக்கிழமை சுவர் பூசியாயிற்று. தீபாவளித் துணி அத்தனையும் அந்த அறையில்தான் தைத்தேன். ஜன்னலோரத்து விளக்குக்கு எங்கள் வீட்டில் பொட்டு லைட்டு என்று பெயர்.

இந்த வருஷம் ஆயுத பூஜை அன்று என் வீட்டுக்காரர் குங்குமக் கிண்ணத்தோடு அறை வாசலிலேயே நின்றார்.

"ஏட்டி, எங்கெங்க வைக்கட்டும்?"

"அதான் பூசியாச்சே. எங்க வேணும்னாலும் வைங்க" என்றேன்.

அவர் நேராகப் போய் அந்த விளக்குக்கு வைத்தார்.