மரத்துப்போன பாதம்

தறி அறையிலிருந்து வந்த சத்தம் தடுமாறியது. அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ரேணுகாம்பாளின் கை நின்றது. சீராக விழ வேண்டிய தறிப்பலகை கொஞ்சம் பிந்தி விழுந்தது. மறுபடியும் அப்படியே. குழிக்குள் மிதிகட்டையைத் தன் புருஷனின் கால் தேடுகிறது என்று அவளுக்குப் புரிந்தது.

வீரபாகு மீசை முளைக்கும் முன்பே தறிக்குழியில் இறங்கியவர். முகூர்த்தப் பட்டு வேண்டுமென்றால் ஆரணியில் அவர் வீட்டைத் தேடி வருவார்கள். பாடிக்கொண்டே நெய்வார், கால் மட்டும் தாளம் தப்பாது. சர்க்கரை வந்தபோதுகூட, "இனிப்பான ஆளுக்கு வேற இன்னா நோவு வரும்?" என்று சிரித்தவர். பாதம் மரத்தபோது அவரும் பயப்படவில்லை, தெருவும் பயப்படவில்லை. நாளெல்லாம் குழிக்குள் காலைத் தொங்கவிட்டால் மரக்காமல் இருக்குமா? அவர் அப்பாவுக்கும் மரத்தது, எதிர்வீட்டு ஜெகநாதனுக்கும் மரக்கிறது.

முந்தாநாள் வரை ரேணுகாம்பாளும் அப்படித்தான் நம்பினாள். அன்று சாப்பிட உட்கார்ந்தவரின் பாதத்தில் ஓர் ஆணி ஏறி நின்றது. அவரோ ரசம் ஊற்றச் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "கல்யாண சேல முடியட்டும், பேஜார் பண்ணாத" என்றார். அதனால் சர்க்கரை ஆஸ்பத்திரி நர்ஸ் குணசுந்தரியைத் தங்கள் வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தாள்.

குணசுந்தரி வந்ததும் அவரைக் கூடத்தில் உட்காரவைத்து, பேனா போன்ற ஒரு பிடியை எடுத்தாள். அதன் நுனியில் விறைப்பான நைலான் இழை.

"பட்டு நெய்யறவன்கிட்ட நைலான காட்டறியேம்மா."

"கண்ண மூடிக்கோங்கண்ணே. கால்ல இது படறது தெரிஞ்சா 'ம்' சொல்லுங்க."

இழை பாதத்தில் பட்டது. "ம்." அடுத்த விரலில் பட்டது. "ம்." ஒன்றுகூடத் தப்பவில்லை. ரேணுகாம்பாளுக்குப் போன உயிர் திரும்பியது. 'படவேட்டம்மா' என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

குணசுந்தரியின் முகம் மட்டும் தெளியவில்லை. இழையைப் பாதத்திலிருந்து விலக்கி அந்தரத்தில் பிடித்தாள்.

"ம்" என்றார் வீரபாகு. சற்றுப் பொறுத்து, "ம்."

ரேணுகாம்பாளின் கை அப்படியே இறங்கியது. நர்ஸ் சீராகத் தொட்டுக்கொண்டு வர, அவர் தறியில் தாளம் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

"இன்னாங்க, காலே தெரியலயா உங்களுக்கு?"

அவர் கண்ணைத் திறந்தார். "தெரியலன்னா தறிய வுட்டு எறக்கிடுவீங்க. அதான்."

குணசுந்தரி பெருவிரலுக்கு அடியில் ஆணி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்தினாள். பஞ்சு சீழில் மஞ்சளாக நனைந்தது. அவர் முகத்தில் வலியின் சுளிப்பே இல்லை. பஞ்சைப் பார்த்த பிறகுதான் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார்.

"நரம்பு செத்துகினு வருதுண்ணே. குழியில ஒக்கார்றதால வந்த மரப்பு இல்ல, சர்க்கரையால வந்தது. காலையில டாக்டர்கிட்ட வாங்க. அதுவரிக்கும் மிதி போடக் கூடாது."

"கல்யாண வீட்டுக்கு இன்னா பதில் சொல்றது?"

"அத நான் சொல்லிக்கிறேன்" என்றாள் ரேணுகாம்பாள். "அவங்களுக்கு வேற சேல கெடைக்கும்."

அவர் வேட்டியை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டார்.

குணசுந்தரியோடு வாசல் வரை வந்த ரேணுகாம்பாள் குரலைத் தணித்துக் கேட்டாள்: "கால் தப்பிக்குமா குணா?"

"புண்ணு எலும்ப தொட்டுச்சான்னு பாத்துதான்க்கா சொல்ல முடியும். ஜல்தியா வந்துடுங்க."

குணசுந்தரி படியிறங்கித் தெருமுனை திரும்பும் வரை ரேணுகாம்பாள் அங்கேயே நின்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே வந்து தறி அறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.