பாவடியில் மாதா கோயில் மணி

சலவைக் கடையிலிருந்து வந்த வேட்டியை விரித்ததும் எழுந்த கஞ்சி வாசனை, இன்று பேருந்துகள் நிற்கும் ஆட்டையாம்பட்டிப் பாவடிக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், என் சிறு வயதில், விடிந்தும் விடியாமலும் அங்கே நெசவாளர்கள் தறிக்குப் போகும் நீள நூலான பாவைத் தெரு நீளத்துக்கு விரித்து, கஞ்சி பூசி, ஈரம் காய்வதற்குள் இருபுறமும் ஆள் நின்று பிரஷ்ஷால் நீவிக்கொண்டே நடப்பார்கள். சற்று நின்றாலும் இழைகள் ஒட்டிக்கொண்டு பாவே பாழாகும். மாதா கோயில் மணி சரியாக அந்நேரம்தான் அடிக்கும். பாவுக்கும் பரலோகத்துக்கும் ஒரே நேரத்தை ஒதுக்கியவர் எந்த அலுவலகத்திலும் வேலை பார்த்ததில்லை போலும். நெசவாளியான அப்பா மண்ணில் முழங்காலிட்டு, அந்த மணிக்கென்றே உள்ள திரிகால செபத்தை ஓர் எழுத்தும் விடாமல் சொல்வார். கூலியாள் பாவைப் பார்த்துக்கொள்வார்.

ஒருநாள் கூலியாள் வரவில்லை. பாவு கெட்டால் முதலாளி அடுத்த நூல் தரமாட்டார். மணி அடித்தது, அப்பா முழங்காலிட்டார். பக்கத்துப் பாவுக்காரர் முருகேசு மாமா ஓடிவந்து, அப்பாவின் பிரஷ்ஷை எடுத்து நீவியபடியே கத்தினார்: “ஏனுங்க, உங்க சாமி செத்த நேரம் பொறுக்க மாட்டாருங்களா?”

அப்பா ஆமென் சொல்லிவிட்டே எழுந்தார். “அவரு பொறுப்பாருங்க. நாந்தான் மறந்துருவேன்.”

மறுநாள் மணி அடித்ததும் மாமா தானாகவே வந்து பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார்.

“போங்க, போயி மண்டி போடுங்க. இன்னைக்காச்சும் எம் பேரையும் சொல்லுங்க.”

“நேத்தே சொல்லிட்டனுங்க” என்றார் அப்பா.