இடது பக்கம் போட்ட ஊசி

ஊசி போடாத டாக்டரை எங்கள் பக்கத்தில் டாக்டர் என்றே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போத்தனூரில் கிளினிக் வைத்திருந்தேன். மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தால், "ஏனுங்க டாக்டரம்மா, ஊசி இல்லீங்களா?" என்று முகம் சுருங்கிவிடும். போட்டால் நான் கைராசிக்காரி. எனக்கு இதைக் கண்டாலே எரிச்சல். கத்துவேன். கத்திவிட்டுப் போடவும் செய்வேன்.

ஒரு நாள், மில் வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி ஒன்றரை வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். குழந்தைக்கு நல்ல காய்ச்சல். போலியோ சொட்டு மருந்து கொடுத்தாயா என்று கேட்டேன்.

"எங்கீங்க! லீவு கேட்டா மேஸ்திரி சத்தம் போடறாருங்க."

திட்டித் தீர்த்தேன். அவள் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "செரீங்க, ஒரு ஊசி மட்டும் போட்டுடுங்க. நாளைக்கு வேலைக்குப் போயாகோணும்" என்றாள்.

தெரு முக்கில் படிக்காத வைத்தியர் ஒருவர் இருந்தார். நான் மறுத்தால் நேரே அங்கேதான் போவாள். எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் அது. உண்மை என்னவென்றால், வெளியே இன்னும் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள், எனக்குப் பசி. குழந்தையைக் குப்புறப் போட்டு இடது பக்கம் குத்தினேன்.

நாலாம் நாள் திரும்பி வந்தாள். "புள்ள நிக்கவே மாட்டேங்குதுங்க."

மேசையில் படுக்கவைத்து இரண்டு பாதத்தையும் கிள்ளினேன். குழந்தை அலறியது. வலது கால் உதைத்தது. இடது கால் ஈரத்துணி போலக் கிடந்தது.

போலியோ கிருமி உள்ளே இருக்கும்போது தசையில் ஊசி போட்டால் அந்தக் காலையே வாதம் பிடிக்கலாம். இதைக் கல்லூரியில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியவள் நான். பாவி, கை நடுங்காமல் குத்தியிருந்தேன். அவளிடம் "போலியோ" என்று மட்டும் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

சில வருஷம் கழித்துச் சொட்டு மருந்து முகாம்கள் வந்தன. கிளினிக்கைப் பூட்டிவிட்டு, தண்டவாளத்தை ஒட்டிய சந்துகளில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். "டாக்டரம்மாவுக்கு என்ன சேவை மனசு!" என்று ஊர் மெச்சியது. சேவையாவது, மண்ணாங்கட்டியாவது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு முகாமில், சொட்டு மருந்தால் குழந்தைக்கு ஆகாது என்று யாரோ கிளப்பிவிட, பெண்கள் தயங்கி நின்றார்கள். அவர்களை ஒருத்தி அதட்டினாள். அவளேதான். இடுப்பில் புதுக் கைக்குழந்தை. பக்கத்தில் மூத்தவள், இடது தொடையைக் கையால் அழுத்தி அழுத்தி நடந்து வந்தாள்.

"எம் புள்ளையப் பாருங்க. அன்னைக்கு டாக்டரம்மா ஊசி போடலீன்னா உசுரே போயிருக்கும். பேசாம வாங்க எல்லாரும்."

வரிசை நகர்ந்தது. எனக்கு அங்கேயே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

அவள் கைக்குழந்தைக்கு இரண்டு சொட்டு விட்டேன். "லேசா மேலு சுடுதுங்க, அப்படியே ஒரு ஊசியும் போட்டுடுங்களேன்" என்றாள்.

"போடமாட்டேன்!" என்று கத்திவிட்டேன்.

"செரீங்க, முக்கு வைத்தியருகிட்டப் போட்டுக்கறேனுங்க" என்றாள், கோபமே இல்லாமல்.

அவள் கையைப் பிடித்து வகுப்பறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினேன். மூத்தவளும் கூடவே வந்துவிட்டாள்.

"வேண்டாம் அம்மணி. எங்கயும் போடாதே. மூத்தவளுக்கு நான் போட்ட ஊசிதான் அந்தக் காலை முடக்கிப்போட்டுது. போட்டிருக்கவே கூடாது. தெரிஞ்சிருந்தும் செஞ்சுபோட்டேன்."

திட்டுவாள், அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருந்தால் தேவலை. அவள் மூத்தவளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தானுங்களே போடச் சொன்னேன்" என்றாள்.

"இல்ல கண்ணு..." என்று ஆரம்பித்தேன். அவள் காதில் விழவில்லை. ஆறு வயதுப் பிள்ளையை நடக்கவிடாமல் மறு இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு, காலாலேயே கதவைத் தள்ளித் திறந்து வெளியே போனாள்.