மாமரத்துக்கு ஜாமீன்

எங்கள் மாமா மனிதர்களோடு பேசுவதே அபூர்வம். அப்படிப்பட்டவர் அகரத்துத் தோட்டத்து மாமரத்தோடு பேசப் போகிறார் என்றதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தீபாவளி லீவுக்கு அம்மாவும் நானும் போயிருந்தோம். மரம் நல்ல நிழல் தந்ததே தவிர, ஒரு வருடம்கூடப் பூத்ததில்லை. காய்க்காத மரத்தை மிரட்டினால் காய்க்கும் என்பார்கள். ஒருவர் அரிவாளை ஓங்க வேண்டும். இன்னொருவர் குறுக்கே வந்து ஜாமீன் சொல்ல வேண்டும். சின்னப்பிள்ளை சொன்னால் மரம் நம்புமாம். இரண்டாம் வகுப்புப் படித்த எனக்கு அந்தப் பதவி கிடைத்தது.

"இம்புட்டு வருசமா போர்த் தண்ணி பாய்ச்சியும் ஒரு பிஞ்சு இல்ல. ஒன்னய வச்சு என்ன செய்ய? வெட்டிரப் போறேன்" என்றார் மாமா.

"விட்ருங்க மாமா. வார வருசம் காய்ச்சிரும். நான் ஜாமீன்" என்று ஒப்பித்தேன்.

சும்மா ஓங்குவார் என்று நினைத்திருந்தேன். அரிவாள் பட்டைக்குள் இறங்கியது, மறுபடியும் மறுபடியும். காற்றே இல்லை; மாமா நிறுத்திய பிறகும் உச்சி இலைகள் அசைந்துகொண்டிருந்தன. மரத்துக்கு எல்லாம் தெரிகிறது என்று பயந்து பின்வாங்கினேன். திரும்பினால் பின்னால் அத்தை. மாமா மரத்திடம் சொன்ன அதே வார்த்தைகளை அவர் உதடுகள் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தன.

அத்தைக்குக் கல்யாணமாகி வெகுநாளாகியும் பிள்ளை இல்லை. தை பிறப்பதற்குள் விசேஷம் ஒன்றும் இல்லையென்றால் வேறு பெண் பார்ப்பது என்று அம்மாவும் மாமாவும் அடுப்படியில் பேசியது என் காதில் விழுந்திருந்தது. விளையாட ஒரு பெண் வருகிறாள் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் வெட்டிலெல்லாம் பழுப்புப் பிசின் துளிர்த்திருந்தது. அத்தை சாணியும் செம்மண்ணும் குழைத்து அப்பினார்.

"இதுக்கு வலிக்குமா அத்தை?"

"வலிக்குதோ என்னமோ, தெரியுது பாப்பா. பாரு, அதுவா மூடிக்கிடுது." இன்னொரு வெட்டிலும் அப்பிக்கொண்டே, "எனக்கும் இதே மாதிரி ஜாமீன் சொல்லுவியா?" என்றார்.

"சொல்றேன் அத்தை. வார வருசம் நீங்களும் காய்ச்சிருவீங்க."

அத்தை சாணிக் கையோடு என் கன்னத்தைத் தட்டினார்.

கல்லூரியில் தாவரவியல் படித்தபோதுதான் தெரிந்தது: செடியின் செல்லைச் சுற்றியிருக்கும் சுவர் உடைந்தால், அந்த உடைந்த துண்டுகளே பக்கத்துச் செல்களுக்குச் சேதி சொல்லுமாம். உடனே அங்கெல்லாம் சுவர் தடிக்கும். வெட்டுப்பட்ட மாமரம் சில நேரம் அள்ளிப் பூப்பதும் உண்டு. அன்று மரத்துக்கு எல்லாம் தெரிகிறது என்று நான் பயந்தது முழுப் பைத்தியக்காரத்தனம் இல்லை.

சித்திரையில் போனபோது கிளைகளுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள், அவ்வளவு காய். "ஒன் வாக்கு பலிச்சிருச்சு பாப்பா" என்று மாமா ஊரெல்லாம் கேட்கச் சொன்னார். வீட்டில் புதிதாக ஓர் அத்தை பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். பழைய அத்தையைக் கேட்டேன். "அவ ஊருக்குப் போயிருக்கா" என்றார் மாமா.

கையில் ஒரு பழத்தோடு மரத்தடிக்குப் போனேன். வெட்டின் இரண்டு ஓரமும் உதடுபோல வீங்கி, காய்ந்த மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தன. மண்ணில் அத்தையின் விரல் தடம் அப்படியே இருந்தது. என் விரல்களை அதில் வைத்துப் பார்த்தேன். உள்ளேயிருந்து ஏதோ லேசாகத் தள்ளுவதுபோல் தோன்றியது, வெடுக்கென்று எடுத்துவிட்டேன்.

ஆனாலும் அத்தையை நினைத்து நான் கவலைப்படவில்லை. மரத்துக்குச் சொன்னது பலித்துவிட்டது. அத்தைக்கும் நான்தானே ஜாமீன். எப்படியும் வந்துவிடுவார் என்று அங்கேயே உட்கார்ந்து பழத்தைத் தின்றேன்.