கனடாக் கேர்லரின் சிவப்புப் பொட்டு

சுகந்தி போன செய்தி வந்தபோது என் மேசையில் ஒரு மின்விசிறி கழற்றியபடி கிடந்தது. காலை பத்து மணி இருக்கும். அவளுடைய கணவர் குகன் தொலைபேசியில் அழைத்து, "அண்ணை, சுகந்தி போயிட்டா" என்றார். நான் "எங்கை?" என்று கேட்டேன். ஏழு மாதமாக நோயோடு கிடந்தவளைப் பற்றி அப்படிக் கேட்ட மடையன் நான்தான். திரும்பவும் சிகிச்சைக்குக் கொழும்புக்குப் போய்விட்டாளாக்கும் என்று வாய் நினைத்துவிட்டது. அந்தப் பக்கத்தில் அழுகிற சத்தம் கேட்டது. கையில் இருந்த திருகாணியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. அந்த விசிறி இன்னும் பூட்டப்படாமல்தான் இருக்கிறது.

எட்டாம் நாள் குகன் கடைக்கு வந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவுப் புத்தகமாகக் கல்வெட்டு அடிக்கிறோம், தேவாரமும் குடும்ப விபரமும் போக இரண்டு பக்கம் இருக்கிறது, நீங்கள் எழுதித் தாருங்கள் என்றார். மின்சாரம் நின்றால் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிற ஆள் என்பதால் எனக்கு எழுத வரும் என்று ஊரில் ஒரு நினைப்பு. எனக்கு எங்கள் கல்வெட்டுகளில் பெரிய நம்பிக்கை இல்லை. அவற்றில் இறந்தவர்கள் எல்லாரும் பொறுமையின் சிகரம். ஒருவர்கூட ஒருநாளும் கோபப்பட்டதில்லை. சுகந்தி பொறுமைசாலி இல்லை. சொன்ன நேரத்துக்கு வேலை முடியாவிட்டால் கடை வாசலில் நின்று என்னைக் கிழித்துத் தொங்கவிடுவாள். அவளை 'அவர்' என்று எழுதவும் எனக்கு வரவில்லை. கூடப் பிறக்காத தங்கச்சி. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உடுவிலில் என்னுடைய மின்சாமான் திருத்தும் கடைக்கு நாலு கடை தள்ளி, மணப்பெண்களை அலங்கரிக்கிற அவளுடைய அழகுநிலையம். பொம்பிளை சோடிக்கிற சுகந்தி என்றால் வலிகாமத்தில் தெரியாதவர்கள் குறைவு. முதன்முதலில் அவள் என்னிடம் கொண்டுவந்தது முடி சுருட்டுகிற கேர்லர் ஒன்று. கறுத்தப் பிடி, முன்னால் குழல், பின்னால் வயர். நான் அதற்குமுன் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. ஈயம் உருக்கி ஒட்டுகிற கருவி என்று நினைத்து, "இவ்வளவு மொத்தமாய்க் கிடக்கு, உதாலை என்னத்தை ஒட்டுறது பிள்ளை?" என்று கேட்டேன். "கலியாணத்தை ஒட்டுறது அண்ணை" என்றாள் முகத்தை அசைக்காமல். அன்று தொடங்கியது எங்கள் பழக்கம்.

அவளிடம் நாலைந்து கேர்லர்கள் இருந்தன. எதுவும் இங்கே வாங்கியது இல்லை. வெளிநாட்டிலிருந்து கலியாணத்துக்கு வருகிறவர்கள் கொண்டுவந்து, சோடித்து முடிந்ததும் அவளிடமே விட்டுவிட்டுப் போவார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. லண்டன் சாமானை எங்கள் சுவரில் நேரே செருகலாம். கனடாச் சாமான் அப்படியில்லை. அங்கே மின்சாரத்தின் அழுத்தம் எங்களுடையதில் பாதி. மின்னைக் குறைக்கிற பெட்டி ஒன்றை இடையில் போடாவிட்டால் அது வெறிபிடித்துச் சூடேறும். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் பாதி லண்டனில், பாதி கனடாவில் என்பதால் இப்படிப் புகைந்துபோன சாமான்கள் என் கடையில் ஒரு மூட்டை கிடக்கின்றன. சுகந்தி கெட்டிக்காரி. கனடாக் கேர்லரின் பிடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்தாள். பொட்டு இருந்தால் பெட்டியோடு, பொட்டு இல்லாவிட்டால் நேரே சுவரில். அவளுக்கு வேறு அடையாளம் தேவைப்படவில்லை. அந்த ஏற்பாட்டை எனக்குச் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மின்சார வேலைக்காரனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

என்னிடம் ஒரு பெருமை உண்டு. திருத்த வந்த எந்தச் சாமானையும் துடைத்துப் புதிதுபோலத்தான் திருப்பிக் கொடுப்பேன். சுகந்தி என் வேலையை நம்பினாள். சாமானை வாங்கும்போது, "பாத்தாச்சோ அண்ணை?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்பாள். "ஓம், பாத்தாச்சு" என்பேன். மற்றவர்கள் தந்த கருவியை ஒரு கடதாசித் துண்டில் சுற்றிச் சூடு பார்த்துத்தான் தலையில் வைப்பாள். நான் கொடுத்ததை அப்படிப் பார்ப்பதில்லை. அண்ணை பார்த்துத் தந்தது என்று நேரே எடுத்துவிடுவாள்.

இனி எழுதப்போவதை அந்தியேட்டிக்கு இங்கே வந்திருக்கும் பலருக்காகவே எழுதுகிறேன்.

எட்டு வருடத்துக்கு முன் சண்டிலிப்பாயில் என் அக்காவின் மகள் துசிக்குக் கலியாணம். அதற்கு முந்திய ஆறு வருடம் அக்காவுக்கும் எனக்கும் பேச்சில்லை. அவர்களுடைய புதுவீட்டுக் குடிபூரலில் அத்தான் இழுத்திருந்த வயரைப் பார்த்து, "இது வயரோ, உடுப்புக் காயப்போடுற கொடியோ?" என்று சபை நடுவில் கேட்டுவிட்டேன். வாயால் வந்த வினை. துசியின் கலியாணத்தைச் சாட்டித்தான் அக்கா மனமிறங்கி, தாய்மாமன் இல்லாமல் என்ன கலியாணம் என்று ஆளனுப்பினார். கலியாண வீட்டு விளக்கெல்லாம் என் பொறுப்பு என்றும் சொன்னார். நான் நிலத்தில் நிற்கவில்லை.

அந்தக் கலியாணத்துக்குச் சோடிக்க ஒப்புக்கொண்டவள் சுகந்திதான். கலியாணத்துக்கு முதல்நாள் கனடாக் கேர்லர் ஒன்றை, உள்ளே வயர் அறுந்திருந்ததால் திருத்தத் தந்திருந்தாள். நான் வயரை மாற்றினேன். அதோடு நின்றிருக்கலாம். தட்டையான இரண்டு கால் பிளக்கோடு இந்தப் பிள்ளை ஏன் கஷ்டப்படவேண்டும் என்று, என் மேசை லாச்சியில் கிடந்த பழுப்பு நிற மூன்றுகால் பிளக் ஒன்றைப் பூட்டினேன். பிடியில் எழுத்துகள் தேய்ந்து கிடந்தன; பிளக்கை யாரோ மாற்றிப் பூட்டியிருப்பார்கள், சாமான் லண்டனாக்கும் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். கண்ணிமைக்கிற நேரம் செருகிப் பார்த்தேன், குழல் உடனே சுட்டது. நல்ல வேலை என்று என்னையே மெச்சிக்கொண்டு, வழமைபோலத் துடைக்கத் தொடங்கினேன். பிடியில் ஒரு சிவப்புக் கறை இருந்தது. துணியால் போகவில்லை. தின்னர் போட்டு அழுத்தித் துடைத்தேன். போய்விட்டது.

சுகந்தி அவசரமாக வந்தாள். "பாத்தாச்சோ அண்ணை?"

"ஓம், பாத்தாச்சு. இப்ப டக்கெண்டு சூடேறும்" என்றேன்.

கலியாணத்தன்று காலை நான் முற்றத்தில் விளக்கு மாலையைச் சரிபார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே துசியை இருத்திச் சோடித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஒரு மணம். பிளாஸ்திக் எரிகிற மணம் என் தொழிலுக்குப் பழகியது. அதோடு முடி கருகுகிற மணமும் சேர்ந்து வந்தது. ஓடினேன். துசியின் நெற்றியோரத்துக் கற்றை ஒன்று சுருண்டபடியே நிலத்தில் கிடந்தது. பக்கத்தில் கேர்லர் புகைந்தது. சுவரில் என் பழுப்புப் பிளக். பொட்டு இருந்த இடம் பளிச்சென்று சுத்தமாக இருந்தது. அந்த நொடியில்தான் அது கனடாச் சாமான் என்பதும், அந்தக் கறை பெட்டி போடச் சொல்லி அவள் வைத்த அடையாளம் என்பதும் எனக்கு விளங்கின.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். "கலியாணத்தண்டு என்ரை பிள்ளையின்ரை முடியைக் கருக்கிப்போட்டியே" என்றார். சுகந்தி பிளக்கைப் பிடுங்கினாள். அதைக் கையில் வைத்து ஒருமுறை பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என் லாச்சியில் அந்தப் பிளக் கிடந்ததை எத்தனை தரம் கண்டிருப்பாள். நான் வாயைத் திறந்தேன். அவள் கேர்லரைக் காலால் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள்.

"என்ரை கவனப்பிழை அக்கா. அரை மணித்தியாலம் தாங்கோ, ஒருத்தருக்கும் தெரியாமல் சரிப்பண்ணித் தாறன்" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். ஆறு வருடத்துக்குப் பிறகு என்னைப் படியேற்றிய அக்காவின் முகத்தைப் பார்த்தேன், பயந்துவிட்டேன். இதற்கு வேறு சொல் இல்லை.

அரை மணித்தியாலத்தில் அவள் சொன்னதைச் செய்தாள். வகிடு எடுப்பதை மறுபக்கத்துக்கு மாற்றி, லண்டன் கேர்லரால் முன்முடியை அலை அலையாக இறக்கி, கருகிய இடத்தை மறைத்தாள். படத்தில் பார்த்தால் ஒருவருக்கும் தெரியாது. தாலி சொன்ன நேரத்துக்கு ஏறியது. ஆனால் ஊர் வாய் படம் பார்த்துக் கதைப்பதில்லை. அக்கா போகிற வருகிற இடமெல்லாம் சொன்னார். 'முடியைக் கருக்கினவள்' என்று ஒரு பெயர் சண்டிலிப்பாயில் முளைத்து உடுவில்வரை வந்துவிட்டது. சோடிக்கச் சொல்லியிருந்தவர்கள் சாட்டுச் சொல்லி விலகினார்கள். இரண்டு வருடம் அவளுக்கு இந்தப் பக்கத்தில் கலியாண வேலையே இல்லை. சோடனைச் சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடிய முதல் பஸ் ஏறிக் கொடிகாமம் பக்கம் போய்ச் சோடித்துவிட்டு வருவாள். அந்த பஸ் என் வீட்டு ஒழுங்கை முகப்பில்தான் நிற்கும். நான் அந்த நேரத்தில் வெளியே வருவதைத் தவிர்த்தேன்.

கலியாணம் முடிந்த கிழமையே அவளிடம் போனேன், அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். "அக்காவோடை இப்பதானே கதைக்கத் துவங்கியிருக்கிறியள். முடி எண்டால் வளரும் அண்ணை. நீங்கள் ரெண்டு பேரும் இன்னொருக்கால் கோவிச்சால் அது எப்ப வளருறது?" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு ஆட்கள் அழுவது பிடிக்காது. மேசையில் இருந்த நகப்பூச்சுப் போத்தலை எடுத்து, புதிதாக வந்திருந்த இன்னொரு கனடாக் கேர்லரில் பொட்டு வைத்து, "இதைத் துடைச்சால் கையை முறிப்பன்" என்றாள். பிறகு என் சட்டைப்பையில் செருகியிருந்த ரெஸ்ரரை, மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கிற அந்தச் சின்னத் திருப்புளியை, இழுத்தெடுத்து அதன் பிடியிலும் ஒரு பொட்டு வைத்தாள். "இதுக்கேன்?" என்று கேட்டேன்.

"இதின்ரை சொந்தக்காரனும் டக்கெண்டு சூடேறுற சாமான். ஆக்கள் பாத்துப் பாவிக்கோணும்" என்றாள்.

மறந்துபோகிற ஊர் இது. மூன்றாம் வருடம் கலியாண வேலைகள் திரும்பி வந்தன. அந்தப் பெயர் மட்டும் முழுதாகப் போகவில்லை. அவளுடைய செத்தவீட்டில்கூட, என் பின்னால் இருந்த யாரோ, "ஒருக்கால் ஒரு பொம்பிளையின்ரை முடியைக் கருக்கினது இவதானே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. சவப்பெட்டியில் அவள் கிடக்கிறாள், அந்தக் கதை எழும்பி நடக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த ஆளின் மீது கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

போன மாதம் அவளைப் பார்க்கப் போனபோது தலையில் துணி கட்டியிருந்தாள். மருந்துக்கு முடியெல்லாம் கொட்டிவிட்டிருந்தது. எத்தனையோ பேரின் தலையை அழகாக்கினவள். தானாகவே துணியை விலக்கிக் காட்டினாள். நெல்லு முளைத்ததுபோல மெல்லிய முடி வரத் தொடங்கியிருந்தது. "சொன்னன் தானே, முடி எண்டால் வளரும்" என்று சிரித்தாள். அப்போதுதான் கடைசியாகக் கேட்டேன், இப்போதாவது அக்காவிடம் சொல்லட்டுமா என்று. "நான் போனாப் பிறகு சொல்லுங்கோ. என்ரை கல்வெட்டிலை வேணுமெண்டாலும் எழுதுங்கோ. அப்ப ஆர் என்னட்டைப் பஞ்சாயத்துக்கு வாறது?" என்றாள். வாயைப் பொத்து என்று ஏசிவிட்டு வந்தேன். அவள் அதைச் சும்மா சொல்லவில்லை என்று குகன் கடைக்கு வந்த அன்றுதான் விளங்கியது.

இதை எழுதி முடித்ததும் முதலில் அக்காவிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். அச்சில் பார்த்து அவர் அறியக்கூடாது. அக்கா என்னை ஏசுவார், படியிறக்கி விடுவார் என்று எல்லாவற்றுக்கும் ஆயத்தமாகப் போனேன். அவர் ஏசவில்லை. கடதாசியை வாங்கி மடித்து மடியில் வைத்தார். பிறகு, "அவள் இருக்கேக்கை சொல்லியிருந்தால், நான் ஒருக்கால் அவளட்டைப் போயிருப்பன்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு கதைக்கவில்லை. அந்தியேட்டிக்கு வருவார் என்று அத்தான் சொல்லியனுப்பியிருக்கிறார். வந்தால் அவளுடைய படத்துக்கு முன்னால் நிற்கட்டும். என்னோடு கதைக்காவிட்டாலும் பரவாயில்லை.

உறவினர் சிலர், கலியாணக் கதை கல்வெட்டுக்குப் பொருத்தமில்லை, அந்தப் பகுதியைத் துடைத்துவிட்டு நல்ல குணங்களைப் போடலாமே என்று குகனிடம் சொல்லியிருக்கிறார்கள். குகன் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார். முடியாது என்றேன். நான் ஒருமுறை துடைத்தது போதும். 'முடியைக் கருக்கினவள்' என்று யாராவது இனிச் சொன்னால், கருக்கியவன் நான் என்று அவர்களிடம் சொல்லுங்கள். உடுவிலில் கடை திறந்துதான் இருக்கிறது.

சுகந்தியிடமிருந்து என்னிடம் இருப்பது ரெஸ்ரரில் உள்ள அந்தப் பொட்டு. எட்டு வருடக் கைபட்டுப் பாதி தேய்ந்துவிட்டது. கடையில் எல்லாவற்றையும் துடைக்கிறவன், அதன்மேல் மட்டும் துணியைப் போடுவதில்லை. இந்த இரண்டு பக்கத்தையும் அச்சுக்குக் கொடுக்க முதல் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாலு தரம் வாசித்தேன். ஒவ்வொரு தரமும் கடை வாசலில் நின்று அவள் கேட்பது போலவே இருந்தது.

ஓம் பிள்ளை, பாத்தாச்சு. இந்த முறை உண்மையாகவே பாத்தாச்சு.