திரையைப் படித்துச் சொன்ன மத்தியானம்

திலக் நகரில் மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். என் கணவர் பழைய லேப்டாப்பைக் கட்டிலில் வைத்துக்கொண்டு, ஆபீஸ் நண்பர் பென் டிரைவில் போட்டுக் கொடுத்த லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தை ஏற்ற உட்கார்ந்தார். அந்த லேப்டாப் திறக்கவே மாட்டேன் என்று கொஞ்ச நாளாக அடம்பிடித்தது. மகள் பிறந்ததிலிருந்து நடை பழகியது வரைக்குமான படங்கள் அதற்குள் மட்டும்தான் இருந்தன. அவற்றை எடுத்த போன் ரயிலில் தொலைந்துபோயிருந்தது.

முதல் திரை, என்ன மொழி வேண்டும் என்று கேட்டது. பட்டியலில் தமிழைப் பார்த்ததும் மனிதருக்கு ஒரே குஷி. என்னைக் கேட்காமல் அதையே அமுக்கினார். தாராவியில் பிறந்து வளர்ந்தவர். தமிழில் வாய் ஓயாமல் பேசுவார். படிக்கச் சொன்னால் ஒரு கடைப் பலகைக்கு அரை நாள் ஆகும். அடுத்த திரையிலேயே முழித்தார்.

“என்ன போட்ருக்கு?”

“திரும்பிப் போயி இங்கிலீஷுக்கு மாத்துங்க.”

“அரே, இவ்ளோ தூரம் வந்தாச்சுல்லா. நீ படி.”

நான் படிக்கப் படிக்க அவர் அமுக்கிக்கொண்டே போனார். யாரோ தூக்கத்தில் பேசுவதுபோல இருந்தது அந்தத் தமிழ். மழையும் ஹார்பர் லைன் ரயிலும் ஒரே சத்தமாகக் கேட்டன. அறையே எங்கேயோ மெல்ல மிதந்து போவதாகத் தோன்றியது.

அப்புறம் இரண்டு வரிகள் வந்தன. ஒன்று, வட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், முழுவதையும் அழித்துவிட்டு நிறுவச் சொன்னது. இன்னொன்று, இருப்பதை அப்படியே விட்டுவிட்டு அதன் அருகில் நிறுவச் சொன்னது. நண்பர் எச்சரித்திருந்த இடம் இதுதான். மாற்றி அமுக்கினால் மகளின் படம் ஒன்றுகூட மிஞ்சாது. திரும்பத் திரும்பப் படித்தேன்.

“ரெண்டாவது,” என்றேன்.

பக்காவா என்றுகூட அவர் கேட்கவில்லை, அமுக்கிவிட்டார். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து, எனக்குப் புரியாத பாங்க் காகிதங்களில் அவர் விரல் காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான் காட்டிய இடத்துக்கு அவர் விரல் போனது அன்றைக்குத்தான். பயமாகவும் இருந்தது, கொஞ்சம் திமிராகவும் இருந்தது.

மழை வெறிக்கும்போது லேப்டாப் புதிதாகத் திறந்தது. பழைய படங்களைத் தேடிப்பிடித்தார். பிளாஸ்டிக் டப்பில் உட்கார்ந்து தண்ணீரை அடிக்கிற மகள், பல்லில்லாமல் சிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“இப்ப இங்கிலீஷுக்கு மாத்திக்கிடுதீங்களா?” என்று கேட்டேன்.

“எதுக்கு? நீதான் இருக்கேல்லா,” என்றார், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.