நடவு நாளில் குறை கேட்டவர்

காசம்மாளை நடவுக்காரிகளின் தலைவி என்று யாரும் நியமிக்கவில்லை. கரியமாணிக்கத்தில் பிறந்து, பதினாலு வயதில் ஆதிமூலத்துக்கு வாழ்க்கைப்பட்டு பாகூர்ப் பக்கம் வந்தவள். வந்த மறுவாரமே சேற்றில் இறங்கியவள். இருபத்தைந்து வருஷம் போன பிறகு பார்த்தால், பதினைந்து பெண்கள் வயலில் கால் வைக்குமுன் அவள் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். பதவி என்றால் அவ்வளவுதான்.

முழங்கால் புதையும் மடைப்பக்கத்தை அவள் எடுத்துக்கொள்வாள். இடுப்புவலிக்காரியும் பிள்ளைக்காரியும் வரப்போரம் நிற்பார்கள். யாருக்கு என்ன என்று அவள் விசாரிப்பதில்லை. குனிகிற விதத்திலேயே தெரிந்துவிடும். தூளியில் பிள்ளை அழுதால் தாய்க்காரி கரையேறுவாள். அவள் விட்ட இடத்தை இரண்டு பக்கத்துக் கைகளும் நட்டுக்கொண்டு போகும். ஒருகாலத்தில் தன் மூத்த பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போய்வந்ததற்காக, அன்றைய கூலி நெல்லில் பாதியை இழந்தவள் காசம்மாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அவள் நிற்கிற வயலில் அது மறுபடி நடந்ததில்லை.

இப்படி எல்லாம் ஒழுங்காக இருந்த நேரத்தில்தான் சிவப்பிரகாசம் சைகோனிலிருந்து வந்து சேர்ந்தார்.

பதினாலு வருஷம் அங்கே ஒரு சர்க்கார் கச்சேரியில் எழுத்து வேலை பார்த்தவர். தகப்பனார் காலமானதும் இருபது காணி நிலத்தை ஆள ஊர் திரும்பினார். கூடவே ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தையும் கொண்டுவந்தார். பட்டாளத்து அதிகாரிகள் சிப்பாய்களின் மனத்தை எப்படிப் பிடிப்பது என்று அதில் எழுதியிருந்தது. அதிகாரி சிப்பாயின் பெயரை அறிய வேண்டும். அவனோடு உண்ண வேண்டும். அவன் குறையைக் கேட்க வேண்டும். சிவப்பிரகாசத்திடம் பட்டாளம் இல்லை. பதினாறு நடவுக்காரிகள் இருந்தார்கள்.

முதலில் பெயர். பதினாறையும் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டார். காலையில் வரப்பில் நின்று ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லி அழைத்து, சுகமா என்று கேட்பார். கூப்பிடப்பட்டவள் நாற்றைக் கீழே வைத்து, நிமிர்ந்து, சேற்றுக்கையைக் கூப்பி, சுகம் ஆண்டே என்று சொல்லிவிட்டுக் குனிய வேண்டும். ஆண்டே என்று அழைக்கக் கூடாது, அண்ணன் என்று அழையுங்கள் என்றார். சேரிப் பெண்களின் வாயில் அந்தச் சொல் வரவேயில்லை. கடைசியில் வள்ளியம்மாள் ஒருத்தி துணிந்து ‘அண்ணன் ஆண்டே’ என்றாள். மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்தது சாப்பாடு. உச்சிவேளையில் வரப்பில் நாற்காலி போட்டு, குடை பிடிக்க ஆள் வைத்து, வீட்டிலிருந்து வந்த பித்தளைத் தூக்கைத் திறந்து அவர்கள் எதிரே சாப்பிட்டார். நிலக்காரர் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து கூழ் குடிக்க எவளுக்குத் தைரியம் வரும்? கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு தலை கவிழ்ந்து இருந்தார்கள். அவர் நிதானமாகச் சாப்பிடுகிறவர். மோர் சாதம் முடிந்து கை கழுவியபோது காரியஸ்தர் பக்கிரி, வேளை ஆயிற்று, இறங்குங்கள் என்றார். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம் என்று அன்று மாலை சிவப்பிரகாசம் பாகூர்க் கடைத்தெருவில் நாலு பேரிடம் சொன்னார்.

மூன்றாவதாகக் குறை கேட்டார். புங்கமரத்தடியில் எல்லாரையும் உட்காரவைத்து, கூடப்பிறந்தவனிடம் சொல்வதுபோல் மனம்விட்டுச் சொல்லுங்கள் என்றார். பெண்கள் புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ராமாயி பேசினாள். அவளுக்கு வயது பத்தொன்பது. மடியில் ஐந்து மாதப் பிள்ளை. அண்ணன் என்ற சொல்லை நம்பிவிட்டாள். குனிந்தே நின்றால் பால் கட்டிக்கொள்கிறது, ஒரு நாளைக்கு மூன்றுதரம் கரையேறுகிறேன், அந்த நேரம் என் பங்கைக் காசம்மாள் அக்காவும் பக்கத்தில் நிற்கிறவர்களும் நடுகிறார்கள் என்றாள். சிவப்பிரகாசத்தின் கண் கலங்கியது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியது. அதுதான் வம்பாகப் போயிற்று.

மறுநாள் விடியலில் பக்கிரி சேரிக்கு வந்து, பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை ராமாயி வேலைக்கு வர வேண்டாம், ஐயா ஓய்வு கொடுத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். புத்தகத்துச் சிப்பாய்க்கு ஓய்விலும் சம்பளம் உண்டு. ராமாயிக்கு நட்டால்தான் நெல். புருஷன் ராமு செங்கல் சூளையில் கிடந்தான். அவன் சம்பாத்தியம் அவன் வயிற்றுக்கே காணாது. புரட்டாசி நடவில் வரும் நெல்லை வைத்துத்தான் தை அறுப்பு வரைக்கும் அவள் அடுப்பெரிய வேண்டும்.

காசம்மாள் அன்று வேலை முடிந்ததும் போய்க் கேட்டாள். சிவப்பிரகாசம் அவளைப் பார்த்ததும் மகிழ்ந்துபோனார்.

“உன் பாரத்தையும் சேர்த்துத்தான் குறைச்சிருக்கேன் காசம்மா. அவ பங்கையும் நீ ஏன் சுமக்கணும்?”

“எனக்கு அது பாரமா இல்லிங்க ஆண்டே.”

“இருக்கும். உனக்குச் சொல்லத் தெரியல. அதான் நான் கேட்டுத் தெரிஞ்சிக்கிறேன்.”

மேலே பேசினால் இன்னும் யாருக்காவது ஓய்வு கொடுத்துவிடுவார் என்று பயந்து அவள் திரும்பி வந்தாள். வழியெல்லாம் யோசித்தாள். மற்ற பெண்களைப் பார்த்து ஒரு யோசனை சொன்னாள். நாளைய கூலி கிடைக்காமல் போகலாம் என்பதையும் மறைக்கவில்லை. வராதவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்றாள்.  வள்ளியம்மாள், இன்னா, ஒருநாள் கூழுதானே என்றாள்.

மறுநாள் வாய்க்காலோரப் பெரிய வயல். முதல் நாளே நாற்றுப் பறித்துக் கட்டிய இருநூறு முடி வரப்பில் கிடந்தது. அந்த வயலுக்கு ஏரித் தண்ணீர் முறை அன்று ஒருநாள்தான். பதினைந்து பேரும் வந்தார்கள், வயலில் இறங்கவில்லை. புங்கமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து, அண்ணன் ஆண்டேவிடம் குறை சொல்ல வேண்டும் என்றார்கள்.

சிவப்பிரகாசத்துக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. நாற்காலி வந்தது, நோட்டு வந்தது. இதற்குத்தான் இத்தனை நாள் பாடுபட்டேன் என்று பக்கிரியிடம் சொன்னார். பக்கிரி வரப்பில் கிடந்த நாற்றைப் பார்த்தார்.

வள்ளியம்மாள் ஆரம்பித்தாள். அவள் குறை அவளுடைய கல்யாணத்தில் தொடங்கியது. மாப்பிள்ளை வீட்டார் வில்லியனூர்த் தேருக்குப் போன வருஷம், அங்கே காணாமல்போன சொம்பு, அந்தச் சொம்பை எடுத்தது நாத்தனார்தான் என்பதற்கு மூன்று ஆதாரம். நாத்தனாருக்குப் பிள்ளை பிறந்ததும் அவள் குறை முடிந்தது. இரண்டாவது பெண் தன் மாட்டின் குறையைச் சொன்னாள். மூன்றாமவளுக்குக் காது கேட்காது; சிவப்பிரகாசம் இடையில் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவள் முதலிலிருந்து சொன்னாள்.

வெயில் ஏறியது. நாற்றின் தலை தொங்க ஆரம்பித்தது. பக்கிரி இரண்டுதரம் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தார். சிவப்பிரகாசம் தலையாட்டிக்கொண்டே ஒரு கண்ணால் வரப்பைப் பார்த்தார். மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமே என்றார்.

“பாதியில வுட்டா மனசு வுட்டுப்போவுங்க ஆண்டே,” என்றாள் காசம்மாள். “எல்லார்தும் கேக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க.”

பகல் சாய்ந்தபோது ஏழாவது பெண் தன் மாமியாரின் பல்வலியில் இருந்தாள். சிவப்பிரகாசம் நோட்டை மூடினார். இன்னும் எத்தனை பேர் என்று கேட்டார்.

“இங்க எட்டு பேரு. வூட்ல ஒருத்தி.”

“வீட்டிலா?”

“ராமாயி. அவ குறைய அவதான் சொல்லணும். ஓய்வு குடுத்திட்டீங்க, கூப்பிட எங்களுக்கு வாயி இல்ல.”

அவர் காசம்மாளைப் பார்த்தார். அவள் முகத்தில் மரியாதையைத் தவிர வேறொன்றும் இல்லை. நாற்றைப் பார்த்தார். மடைக்காரன் தண்ணீரை அடைக்கத் தயாராக நிற்பதையும் பார்த்தார். பிறகு பக்கிரியை அனுப்பினார்.

ராமாயி பிள்ளையை இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். சொல்லம்மா, உனக்கு என்ன குறை என்றார் சிவப்பிரகாசம். நாள் முழுதும் கேட்ட கேள்வி. குரல் தேய்ந்து கிடந்தது.

“எனக்கு ஒரு குறையும் இல்லிங்க ஆண்டே,” என்றாள் ராமாயி.

பிள்ளையைப் புங்கமரத்துத் தூளியில் போட்டாள். சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி வரப்போரம் இறங்கினாள். காசம்மாள் மடைப்பக்கம் இறங்கினாள். மற்றவர்களும் தங்கள் குறைகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்கள்.  இருநூறு முடியும் மளமளவென்று குறைந்தது.

பாதி வயல் பச்சையானபோது பிள்ளை அழுதது. ராமாயி கரையேறினாள். அவள் விட்ட இடத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் கைகள் நீண்டன. சிவப்பிரகாசம் அதைப் பார்த்துவிட்டார். நாற்காலியில் நிமிர்ந்து, ஏதோ விசாரிக்க வாயெடுத்தார்.

பக்கிரி அவர் காதருகே குனிந்தார்.

“வேணாங்கய்யா. கேட்டுடாதீங்க. இன்னும் எட்டு பேரு மிச்சம் இருக்குது.”